மச்சான் வீட்டு பேஸ்

எனக்கு என் மச்சான் மேல் பொறாமை. இதைச் சொல்ல வெட்கப்படுகிற வயதையெல்லாம் தாண்டியாயிற்று. அவன் நிலத்தின் மேல் பொறாமை இல்லை, காரின் மேல் இல்லை, அவன் தலையில் இன்னும் அடர்த்தியாக நிற்கிற முடியின் மேல்கூட அவ்வளவாக இல்லை. அவன் வீட்டு ஹாலில் பாட்டு போட்டால் அடியில் கனமாகக் கேட்கிற பேஸ் சத்தத்தின் மேல்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில், கீரப்பாளையம் போகிற ரோட்டில் வீடு. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார்; சனி ஞாயிறுகளில் கீரப்பாளையத்தில் இருக்கிற நிலத்தைப் பார்த்துக்கொள்வான். நான் கடலூரில் அரசு அலுவலகம் ஒன்றில் ஃபைல் தள்ளுகிறவன். மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டி, ஹாலுக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டு, ஒரு சுவரை முழுக்க வெள்ளையாக விட்டு வைத்திருக்கிறேன். பாட்டு கேட்பதற்கென்றே கட்டிய ஹால் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் மச்சான், "மாமா, புது செட்டு கேக்கறீங்களா?" என்று சொல்லி ஆம்ப்ளிஃபையரைப் போட்டான். நாதஸ்வரக் கச்சேரி. தவிலில் இடந்தலைப் பக்கம் குச்சி விழுகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் ஒரு செட்டின் பேஸுக்கு வைக்கிற பரீட்சை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றது. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் வழியாக அது என் முதுகுக்கு ஏறியது. நல்லாத்தான் இருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்ல?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் மனைவி தரையில் சுவரோரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அரை மணி நேரம் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் பாட்டு போட்டால் பத்து நிமிஷம் உட்கார மாட்டாள். குக்கர் ஞாபகம் வரும், மொட்டைமாடித் துணி ஞாபகம் வரும். இங்கே வெளியே மழை வந்தால்கூட எழுந்திருக்க மாட்டாள் போலிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என் பெண்டாட்டி என் ஹாலில் இப்படி உட்கார வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். வேறு ஒரு மண்ணும் வேண்டாம்.

மறு மாதமே புதுச்சேரிக்குப் போய் அதே கடையில் அதே ஆம்ப், அதே ஸ்பீக்கர் ஜோடி, பேஸுக்கென்றே தனியாக வருகிற அதே சப்ஊஃபர் பெட்டி வாங்கினேன். ஒயர்கூட அவன் வாங்கிய அதே ஒயர். கடைக்காரர், "இதே மாதிரி சிதம்பரத்துக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாருங்க" என்றார். "அப்படியா?" என்று கேட்டு வைத்தேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

வீட்டுக்கு வந்து மாட்டி, அதே கச்சேரியைப் போட்டேன். தவில் வந்தது. வந்து போகவே இல்லை. ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடி அதன் மேல் ஏறி, இரண்டும் சேர்ந்து மூன்றாவதை அமுக்கி, ஹால் முழுக்க ஒரே ஊஊம் என்று நின்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாதஸ்வரம் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "என்னாங்க அது, கொட்டாயில எருமை கத்தற மாதிரி?"

"பேஸ்டி அது! பேஸ்!"

"எங்க தம்பி வீட்டுல இப்பிடியா இருக்கு?"

அந்த 'எங்க தம்பி' இருக்கிறதே, அதை அவள் சொல்லும்போது குரலில் ஒரு சர்க்கரை சேரும். இருபது வருஷமாக என்னைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பேஸ் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து குமிழைத் திருகி ஏற்றினேன். ஊம் இன்னும் பெரிதானது. நம்மாட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது; குழம்பு ருசிக்கவில்லை என்றால் காரத்தை அள்ளிப் போடுவது. சப்ஊஃபர் சின்னது என்று நினைத்து அதை விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கினேன். முன்பு எருமை ஒன்று கத்தியது, இப்போது மந்தையே கத்தியது. மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறவர் இறங்கி வந்து, "சார், கட்டில் ஆடுது" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மச்சானிடம் கேட்டிருக்கலாம். கேட்பேனா நான்? அவனாகவே ஒரு நாள் போனில் சொன்னான்: "மாமா, ஸ்பீக்கர செவுத்துலேருந்து ஒரு ரெண்டு அடி முன்னாடி இழுத்துப் பாருங்க."

"எனக்குத் தெரியும்டா" என்று வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு அடி முன்னால் இழுத்தேன். கொஞ்சம் குறைந்தது. அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

இன்டர்நெட்டில் ஒரு வழி போட்டிருந்தார்கள். சப்ஊஃபரைத் தூக்கி நாம் உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு, நாம் தரையோடு தவழ்ந்து போய், எந்த இடத்தில் பேஸ் சுத்தமாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் சப்ஊஃபரைக் கொண்டு வைக்க வேண்டுமாம். ஐம்பது வயதில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டைல்ஸில் முட்டி தேயத் தவழ்ந்தேன். கருவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு என்னா ஆச்சுங்க? எதனா தொலைச்சிட்டாரா?" என்று கேட்டார்கள். என் மனைவி, "ஆமாங்க, பேஸ தொலைச்சிட்டாரு" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் பேஸ் நன்றாகக் கேட்ட இடம் பாத்ரூம் கதவுக்கு நேர் எதிரே. அங்கே சப்ஊஃபரை வைத்தேன். இரண்டு நாளில் அவள் அதில் இடறி விரலைப் பெயர்த்துக்கொண்டாள். எடுத்துவிட்டேன்.

பிறகு பழைய டவுனில் ஆம்ப் ரிப்பேர் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் செட்டைத் தொடவே இல்லை. ஹால் நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டினார். சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்தது.

"செட்டு தங்கமா இருக்கு சார். ரூம்புதான் பாடுது" என்றார். "தரை டைல்ஸு, செவுரு வெறும் செவுரு. பேஸ் எல்லாம் போயி மூலைல சேந்துக்குது. அங்க கனமா, மெத்துன்னு எதனா நின்னா முழுங்கிடும். சும்மா விட்டா இப்பிடித்தான் ஊளையிடும்."

அன்றைக்கே வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் மூலையில் அடுக்கினேன். பாடுகிறவன் குரல் போர்வைக்குள் போனது. ஊம் அப்படியே இருந்தது. போன் போட்டுத் திட்டினேன். "தலகாணி மேல்ஸ்தாயி சத்தத்ததான் சார் முழுங்கும். பேஸுக்கு மூட்டை கணக்குல வேணும்" என்றார். மூட்டை கணக்கில் பஞ்சுக்கு நான் எங்கே போவேன்? விட்டுவிட்டேன்.

ஆனால் பொறாமை விடவில்லை. ஏனென்றால் அவள் சனிக்கிழமை தோறும் சிதம்பரம் பஸ் ஏற ஆரம்பித்திருந்தாள். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போவாள். இப்போது காலையில் போய் மத்தியானம் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புவாள். வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை கேட்டே விட்டேன். "அங்க என்னா அப்படி?"

"சும்மாதாங்க. சாப்புட்டு, கொஞ்ச நேரம் பாட்டு கேட்டுட்டு வரேன்."

"ஏன், நம்ம வீட்டுல பாட்டு இல்லியா? இங்க கேட்டா காது செவிடாயிடுமா?"

"உங்களுக்கு எதுக்கு இப்ப கோவம்? ஏங்க, அவன் எனக்குத் தம்பிங்க. அவன்மேலயா பொறாமப்படுவீங்க?"

"பொறாமையா? எனக்கா?" என்று கத்தினேன். கத்திய கத்தலிலேயே பதில் இருந்தது.

அதற்கு மறுவாரம் அலுவலக வேலையாகச் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. மச்சான் பள்ளிக்கூடத்தில் இருப்பான் என்று தெரியும். பையில் அளவு டேப் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கடலூரிலிருந்தே கிளம்பியிருந்தேன். இதற்கு மேல் என் யோக்கியதையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

மச்சான் மனைவி கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்று காபி போடப் போனது. அது உள்ளே போனதும் நான் டேப்பை இழுத்தேன். சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு, ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு, எல்லாம் ஒரு துண்டுத் தாளில் குறித்தேன். எல்லாம் என் வீட்டு அளவேதான். விரல்கடை வித்தியாசமில்லை. அப்புறம் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இரண்டு மூலையையும் அளக்கலாம் என்று போனால் டேப் போகவில்லை. இரண்டு மூலையிலும் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி நெஞ்சு உயரத்துக்கு ஏதோ நின்றது. பழைய மெத்தை சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கை வைத்தேன். மெத்தை இல்லை. பெட்ஷீட்டைத் தூக்கினேன்.

நெல் மூட்டை. சணல் சாக்கில், அடியில் பலகை போட்டு, ஒரு மூலைக்கு ஐந்து. ஒவ்வொரு சாக்கிலும் கறுப்பு மையால் 'அக்கா' என்று எழுதியிருந்தது.

காபியோடு வந்த மச்சான் மனைவி அப்படியே நின்றுவிட்டது. தப்பு செய்தது நான், பயந்தது அது.

"அண்ணா, கோச்சிக்காதீங்க. அண்ணி பங்குதான். நீங்க வேணாம்னு சொன்னதுலேருந்து இவரு வருஷா வருஷம் புது நெல்ல அவுங்க பேருக்கு எடுத்து வெச்சிடுறாரு. பழசத்தான் நாங்க மில்லுக்குப் போட்டு சாப்புடறோம். நீங்க வந்தா பாத்துட்டு சங்கடப்படுவீங்கன்னு பெட்ஷீட்டு போட்டு மூட சொன்னாரு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தை அறுவடை முடிந்ததும் என் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருஷச் சாப்பாட்டு நெல் வரும். அவள் அப்பா இருந்தவரை அனுப்பினார். அவருக்குப் பிறகு மச்சான் அனுப்பினான். ஏழெட்டு வருஷம் முன்பு சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். பந்தியில் யாரோ ஒரு பங்காளி, "மாப்ள உடம்பு மினுமினுன்னு இருக்கே, எல்லாம் மச்சான் போடற சோறு" என்று சொல்லிச் சிரித்தான். இலைமுன் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தானோ என்னவோ, சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். வீட்டுக்கு வந்து, "இனிமே அந்த வூட்டு நெல்லு ஒரு மணி என் வாசப்படி ஏறக் கூடாது" என்று சொன்னேன். அதிலிருந்து கடை அரிசிதான்.

"இந்த மூட்டை எப்பவும் இங்கதான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணா. உள்ள வெச்சா ஓதம் ஏறுது. போன மாசம் மில்லுக்கு எல்லாத்தையும் எடுத்து, புதுசு கொண்டாந்து அடுக்க ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரமும் பாட்டு போட்டா ஒரே கொய்ங்கு. இவரு சிரிக்கறாரு, 'மாமா வூட்டு செட்டு மாதிரியே இருக்கு'ன்னு."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

கடலூர் திரும்புகிற பஸ்ஸில் முழுக்க அதே யோசனை. வேறு நெல் வாங்கி அடுக்கலாம், கடையிலா கிடைக்காது! ஆனால் ஏன் வாங்க வேண்டும்? அது என் பெண்டாட்டி நெல். என் பெண்டாட்டி நெல் என் மச்சான் ஹாலில் நின்று அவனுக்கு பேஸ் போட்டுக்கொண்டிருக்கிறது. என்ன அநியாயம்! நான் வேண்டாம் என்று சொன்னதால்தானே என்கிற பேச்சு மனசின் ஓரத்தில் வரத்தான் செய்தது. அதை விரட்டிவிட்டேன். மூட்டை இங்கே வந்தால் என் ஹால் அடங்கும், அவன் ஹால் ஊளையிடும். இரண்டாவதை நினைத்தபோதுதான் சந்தோஷம் ஜாஸ்தியாக வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் அலுவலக மாடிப்படியில் நின்று மச்சானுக்குப் போன் செய்தேன். ஏழெட்டு வருஷத்து வீம்பை விழுங்குவது சுலபமில்லை. மழை, பயிர், பரீட்சை என்று சுற்றிச் சுற்றி வந்து, "மச்சான், அக்கா பங்கு நெல்லு இருக்குல்ல..." என்றேன்.

எதுக்கு மாமா என்று கேட்பான், கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"மூலைக்கு அஞ்சு வெப்பீங்களா மாமா? பத்தும் அனுப்பிடறேன். அடியில பலகை போட்டுக்குங்க. ஸ்பீக்கர் பின்னாடி ஒரு கையளவு எடம் விடுங்க, போதும்."

அவ்வளவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் மனைவி சொல்லியிருக்கும், அளவு டேப்போடு. எனக்குக் காது சுட்டது. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் என் மனைவி காய் வாங்க மார்க்கெட் போயிருந்த நேரம் குட்டியானை லோடு வண்டி வந்தது. இரண்டு லோடுமேன்கள் இறக்கி, நான் காட்டிய இரண்டு மூலையிலும் அடுக்கிவிட்டுப் போனார்கள். ஹால் முழுக்க நெல் வாசனை. கதவைச் சாத்திவிட்டு ஆம்ப்பைப் போட்டேன்.

அப்பா! குச்சி விழுந்தது. நின்றது. அடுத்த குச்சி விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் வெறும் இடம் இருந்தது. குமிழைப் பாதிக்கு மேல் இறக்கிய பிறகும் தொடையில் தட்டுகிற மாதிரி கேட்டது. இதற்கா இத்தனை நாள் தவழ்ந்தேன்! என் ஹால், என் தவில். நான் தனியாக நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. காய்ப் பையோடு அவள். 'உட்காருடி, கேளு' என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தாள். பையை அங்கேயே விட்டாள். தக்காளி ஒன்று டைல்ஸில் உருண்டு போனது, அதையும் பார்க்கவில்லை. போய் ஒரு சாக்கின் மேல் கையை வைத்தாள். 'அக்கா' என்று எழுதியிருந்த இடத்தில்.

"எங்க வூட்டு நெல்லுங்க" என்றாள்.

"ஆமா."

"நீங்களா கேட்டீங்க?"

"ம்."

அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஏழு வருஷமா... அங்க போயி ஒரு வாய் திங்கறப்பல்லாம், இத நம்ம வூட்டுல நாலு பேரோட ஒக்காந்து திங்க முடியலியேன்னு..." கடை அரிசி உனக்குப் பிடிக்கவில்லையா என்று ஏழு வருஷத்தில் ஒரு நாள் நான் கேட்டதில்லை. சனிக்கிழமை தோறும் அவள் எதற்கு பஸ் ஏறினாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில், மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பாட்ட கொஞ்சம் நிறுத்துங்க. தம்பிக்குப் போன் போடணும்" என்றாள்.

நிறுத்தினேன்.

போனின் ஸ்பீக்கரைப் போட்டாள். "ஏன்டா, உங்க மாமா அவரே வாயத் தொறந்து கேட்டாராடா?" அந்தச் சர்க்கரை. என்னைப் பற்றிப் பேசும்போது. இருபது வருஷமாக நான் தேடியது. எனக்குத் தகுதியே இல்லாத நேரத்தில் வந்து சேர்ந்தது.

"அவரேதான்க்கா கேட்டாரு."

"என்னான்னு கேட்டாரு? எதுக்குன்னு சொன்னாரு?"

அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். போனில் அவன் குரலுக்குப் பின்னால் அவன் ஹாலில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, காலி மூலைகளில் கொய்ங்கென்று முட்டிக்கொண்டு.

"'அக்காவுக்கு நம்ம வூட்டு சோறுன்னா உசுரு, நான்தான் வீம்புல கெடுத்துட்டேன், அனுப்பி வைடா'ன்னு சொன்னாருக்கா" என்றான் மச்சான்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை அவள் என்னைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு வார்த்தை நானும் சொன்னதே இல்லை.